ஹாரன் அடிக்குது, ஆனா நகர மாட்டேங்குது: மாடல் ரயில் கேள்வி பதில்

இந்த தடவை வந்த லெட்டர் எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒரே புலம்பல்தான், டிகோடர் (லோகோ, அதாவது எஞ்சினுக்குள்ள உக்காந்து கமாண்டை வாங்கி மோட்டார், லைட், சவுண்டை இயக்கற சின்ன சர்க்யூட்) போயிடுச்சு போல, புதுசு வாங்கிடட்டுமான்னு. கொஞ்சம் பொறுங்க. சத்தமாவது வருதுன்னா டிகோடருக்கு உயிர் இருக்குன்னுதான் அர்த்தம், அது யார் பேச்சை கேக்குதுங்கறதுதான் பிரச்சனை.

செகண்ட் ஹேண்ட்ல சவுண்ட் வச்ச டீசல் லோகோ ஒண்ணு வாங்கினேன் சார். எஞ்சின் சத்தம் வருது, ஹாரன், பெல், ஹெட்லைட் எல்லாம் ஓகே, ஆனா த்ராட்டிலை (ஸ்பீடு ஏத்தற குமிழை) எவ்வளவு திருப்பினாலும் வீல் அசையவே இல்ல. பாடியை கழட்டி 9 வோல்ட் பேட்டரியை மோட்டார்ல வச்சு பாத்தேன், நல்லா சுத்துது. டிகோடர்ல மோட்டார் பக்கம் மட்டும் எரிஞ்சிருக்குமா?

எரிஞ்சிருக்கலாம்தான், ஆனா அதுக்கு முன்னாடி சிவி 19-ஐ பாருங்க (சிவின்னா டிகோடருக்குள்ள ஒவ்வொரு செட்டிங்கையும் நம்பரா வச்சிருக்கற இடம்). இதுதான் கன்சிஸ்ட் அட்ரஸ், அதாவது ரெண்டு மூணு லோகோவை ஒண்ணா சேத்து இழுக்க வைக்கும்போது அந்த செட்டுக்கு குடுக்கிற பொது நம்பர். இதுல 0 தவிர வேற நம்பர் இருந்துச்சுன்னா லோகோ அதோட சொந்த அட்ரஸ்ல (அதை தனியா கூப்பிடற நம்பர்ல) வர்ற ஸ்பீடு கமாண்டை கண்டுக்காது, ஆனா ஹாரன் பெல் லைட் மாதிரி ஃபங்ஷனுக்கு மட்டும் சொந்த அட்ரஸ்லயே பதில் சொல்லும், நீங்க சொல்ற அறிகுறி அப்படியே இதுதான். வித்தவர் இன்னொரு லோகோவோட சேத்து ஓட்டிட்டு பிரிக்காம வித்திருப்பார், செகண்ட் ஹேண்ட்ல இது சர்வ சாதாரணம். சிவி 19-ல 0 எழுதுங்க, பெரும்பாலும் அதோட முடிஞ்சுது. (128-க்கு மேல நம்பர் இருந்தா பயப்படாதீங்க, கன்சிஸ்ட்ல அந்த லோகோ திரும்பி நின்னுச்சுன்னு அர்த்தம், அவ்வளவுதான்.)

அப்பவும் நகரலைன்னா சிவி 3. நிஜ ரயில் மாதிரி மெதுவா கிளம்பணும்னு அதுல 200 மாதிரி ஏத்தி வச்சிருப்பாங்க. என்எம்ஆர்ஏங்கற அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தோட கணக்குப்படி அந்த நம்பரை 0.896-ஆல பெருக்கினா நின்ன இடத்துலேர்ந்து ஃபுல் ஸ்பீடு வர எத்தனை செகண்டுன்னு வரும், 200-க்கு கிட்டத்தட்ட மூணு நிமிஷம், ஒவ்வொரு கம்பெனியும் இந்த கணக்கை கொஞ்சம் மாத்தி வச்சிருக்கும். நீங்க பத்து செகண்ட் பாத்துட்டு செத்துப்போச்சுன்னு பாடியை கழட்டியிருப்பீங்க. சில சவுண்ட் டிகோடர் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிற சத்தம் முழுசா முடியற வரைக்கும் நகரவே நகராது, அதையும் மனசுல வச்சுக்கோங்க.

ஒரு சந்தேகம், பேட்டரி வச்சப்போ மோட்டார் வயரை டிகோடர்லேர்ந்து கழட்டிட்டுத்தானே வச்சீங்க? ஆரஞ்சும் சாம்பல் கலரும். கழட்டாம வச்சிருந்தா நல்லா இருந்த டிகோடரை நீங்களே எரிச்சிருக்க வாய்ப்பு இருக்கு, அதை தனியா செக் பண்ணுங்க.

ஓடிக்கிட்டே இருக்கும்போது சவுண்ட் கட் ஆகி மறுபடி முதல்லேர்ந்து ஸ்டார்ட் ஆகுது. டிகோடர்ல லூஸ் கனெக்ஷனா?

ஒரே இடத்துல கட் ஆகுதா, எல்லா இடத்துலயும் கட் ஆகுதா? இதை எழுதாம விட்டுட்டீங்களே. ஒரே இடம்னா லோகோ மேல தப்பில்ல, அங்க ரெயில் ஜாய்னர் லூஸா இருக்கும், இல்ல ட்ராக் பிரியற பாயின்ட்ல ஃப்ராக் (ரெயில் ரெண்டும் குறுக்க சேர்ற துண்டு) மேல கரண்ட் இல்லாம இருக்கும். எல்லா இடமும்னா வீல்தான். மோட்டார்னா ஒரு கண நேரம் கரண்ட் போனா கூட ஃப்ளைவீல் தயவுல தாண்டிடும், சவுண்ட் சிப் அப்படி இல்ல, உடனே ரீபூட். அதனாலதான் பழைய டிசி லோகோ (டிகோடர் இல்லாம நேரா ட்ராக் கரண்ட்ல ஓடறது) சமத்தா ஓடுற ட்ராக்ல இது மட்டும் அடம் பிடிக்குது.

டிஷ்யூ பேப்பரை ரெண்டு ரெயில் மேலயும் குறுக்க போட்டு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால நனைங்க, லோகோவோட ஒரு போகி (அடியில இருக்கற வீல் செட்) பேப்பர் மேலயும் இன்னொண்ணு வெறும் ரெயில் மேலயும் இருக்கற மாதிரி கையால பிடிச்சுக்கிட்டு த்ராட்டிலை திறங்க. பேப்பர்ல கருப்பா ரெண்டு கோடு விழும் பாருங்க, அவ்வளவு அழுக்கு மேலதான் இத்தனை நாள் ஓடியிருக்கு. இடத்தை மாத்தி மாத்தி கோடு வெளுக்கற வரைக்கும் செய்ங்க, அப்புறம் லோகோவை திருப்பி அடுத்த போகி. சேண்ட் பேப்பர் மட்டும் வேண்டவே வேண்டாம், கீறல்ல அழுக்கு இன்னும் சீக்கிரமா உக்காரும்.

ட்ராக் வயரிங்கையும் ஒரு தடவை பாத்துடுங்க. பூஸ்டர்லேர்ந்து (ட்ராக்குக்கு கரண்ட் குடுக்கற பெட்டி) ரொம்ப தூரத்துல இருக்கற இடத்துல ரெண்டு ரெயிலுக்கும் குறுக்க ஒரு உலோகக் காசை வைங்க, பூஸ்டர் உடனே ட்ரிப் ஆகணும். ஆகலைன்னா காசை சட்டுனு எடுத்துடுங்க, அங்க போற வயர் போதாது, மெயின் வயரை தடியா போட்டு அதுலேர்ந்து ரெயிலுக்கு போற சின்ன வயரை, அதாவது ஃபீடரை, அங்கங்க சால்டர் பண்ணுங்க. இதெல்லாம் முடிச்சப்புறம் கீப் அலைவ் கெப்பாசிட்டர் (கரண்ட் ஒரு கணம் போனாலும் டிகோடரை தாங்கிப் பிடிக்கறது) போடலாம். அழுக்கை மறைக்க கெப்பாசிட்டர் போடறது எனக்கு பிடிக்காது, ஆனா சின்ன லோகோவுக்கு வேற வழியும் இல்ல.

புரோகிராமிங் ட்ராக்ல (சிவி படிக்க, எழுதன்னு வச்ச தனி ட்ராக்) வச்சா சிவி எதையும் ரீட் பண்ண மாட்டேங்குது, மெயின் ட்ராக்ல நல்லா ஓடுது.

புரோகிராமிங் ட்ராக்ல வேணும்னே கரண்டை குறைச்சுத்தான் குடுப்பாங்க, வயரிங் தப்பா இருந்தா டிகோடர் எரியக் கூடாதுன்னு. சவுண்ட் டிகோடர்ல இருக்கற கெப்பாசிட்டர் எல்லாம் அந்த கொஞ்ச கரண்டை உறிஞ்சிக்கும், கீப் அலைவும் இருந்தா கேக்கவே வேண்டாம். அதோட டிகோடர் பதில் சொல்றதே மோட்டாரை துளி நேரம் அசைச்சு 60 மில்லி ஆம்ப்ஸ் அளவுக்கு ஒரு துடிப்பு குடுத்துத்தான், அதனால மோட்டார் வயர் கனெக்ட் ஆகாம இருந்தாலும் ரீட் ஆகாது. மெயின்லயே எழுதுங்க, படிக்க முடியலைன்னாலும் எழுதினது போய் சேரும். புரோகிராமிங் பூஸ்டர்னு தனி பாக்ஸும் கிடைக்குது.

ஸ்பீடு ஏத்த ஏத்த ஹெட்லைட் அணைஞ்சு அணைஞ்சு எரியுது.

ஸ்பீடு ஸ்டெப் (வேகத்தை எத்தனை படியா பிரிக்கறதுங்கற எண்ணிக்கை) சேரலை. த்ராட்டில் 28, டிகோடர் 14. சிவி 29-ல ஷார்ட் அட்ரஸ்னா 6, லாங் அட்ரஸ்னா 38 எழுதுங்க, த்ராட்டிலை 28 இல்ல 128-ல வைங்க. பவர் போட்ட உடனே லோகோ தன்னால பறக்குதுன்னு இன்னொருத்தர் கேட்டிருந்தார், அவர் அதுலயே 4-ஐ கழிச்சு 2 இல்ல 34 எழுதட்டும், டிசி மோட் ஆஃப் ஆயிடும்.

ஸ்பீக்கர் சத்தம் தகர டப்பா மாதிரி இருக்கு, பெரிய ஸ்பீக்கர் போடலாமா?

முதல்ல இருக்கறதுக்கு பெட்டி இருக்கான்னு பாருங்க. பின்பக்கம் காத்து போகாம அடைக்கலைன்னா எந்த ஸ்பீக்கரும் அப்படித்தான் கத்தும். மாத்தறதா இருந்தா டிகோடர் மேனுவல்ல எத்தனை ஓம்ஸ்னு பாத்து வாங்குங்க, அதை விட குறைவா போட்டா ஆம்ப்ளிஃபயர் போயிடும், ரெண்டு 8 ஓம்ஸை பேரலலா போட்டா 4 ஆயிடுங்கறதையும் மறந்துடாதீங்க. கரகரன்னு வந்தா வால்யூமை பாதியாக்கி கேட்டு பாருங்க, நிறைய பேருக்கு அதுவே போதும்.

எதுவும் புரியலைன்னா ரீசெட் பண்ணிடலாமா?

பண்ணலாம், நிறைய டிகோடர்ல சிவி 8-ல 8 எழுதினா ரீசெட், உங்களோடதுக்கு மேனுவலை பாருங்க. முன்னாடி இருந்த நம்பர் எல்லாத்தையும் எழுதி வச்சுக்கோங்க, சவுண்ட் செட்டிங் பூரா ஃபேக்டரிக்கு போயிடும். அட்ரஸும் 3-க்கு திரும்பிடும், பழைய நம்பர்ல கூப்பிட்டுட்டு டிகோடர் செத்துப்போச்சுன்னு எனக்கு இன்னொரு லெட்டர் போட்டுடாதீங்க.