கையை எடுத்ததும் தீ அணைகிறதா? முனையைப் பாருங்கள்

மறையூரில் புல்தைலம் காய்ச்சும் நண்பருக்கு: தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் வால்வு மாட்டினீர்கள், இப்போது குமிழை விட்டதுமே அணைகிறது என்கிறீர்கள். வால்வைத் திட்டாதீர்கள். தீ நாக்கு தெர்மோகப்பிள் (சூட்டை மின்சாரமாக்கும் உணரி) முனையைத் தொடுகிறதா? அந்தச் சூட்டில் பிறக்கும் சில மில்லிவோல்ட்தான் வால்வைத் திறந்து பிடித்திருக்கிறது. என்னுடையதில் கரி அப்பிக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்து, ஒரு விரற்கடை தீக்குள் தள்ளி, குமிழை 30 எண்ணும்வரை அழுத்தினேன்; நின்று எரிந்தது.

உங்களுடையது உயரழுத்த ரெகுலேட்டர் என்றால் கதை வேறு. வீட்டு அடுப்பு வால்வு சுமார் 30 மில்லிபாருக்கானது. உயரழுத்தத்துக்கு உரிய வால்வாக மாற்றியே ஆகவேண்டும்.

மலைக்காற்றுக்குத் தகரம் அடிப்பீர்கள், அடியுங்கள். தரையோரம் மட்டும் திறந்திருக்கட்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும்.

இன்னொன்று. இந்த வால்வுக்குத் தீ மட்டுமே தெரியும். தைல ஆவியைக் குளிரவைக்கும் தண்ணீர் நின்றாலும், அண்டா வற்றினாலும் பேசாமல் எரியவிடும். அதற்குத் தண்ணீர் ஓட்டத்தை உணரும் சுவிட்ச், அண்டாவில் வெப்ப வரம்பு சுவிட்ச், இரண்டோடும் இணைந்து மின்சாரம் போனால் மூடிக்கொள்ளும் சோலினாய்டு வால்வு (மின்காந்தத்தால் இயங்குவது) வேண்டும். மின்சாரம் வந்ததும் தானாகத் திறக்கும் வகை வேண்டாம். கையால் அழுத்தினால்தான் திறக்கவேண்டும்.