மெஷ்ஷில் இரண்டாவது கேமிங் ரவுட்டர்: மலை வீட்டுக் கேள்விகளும் பதில்களும்

குன்னூரில் இருக்கிறேன். வீடுகளுக்கும் எஸ்டேட் பங்களாக்களுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுப்பதுதான் தொழில். கேமிங் ரவுட்டர், மெஷ் (பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபை தருவது) பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கோத்தகிரி: அண்ணா, ஹாலில் ஆசஸ் கேமிங் ரவுட்டர் இருக்கு. என் ரூம் பின்கட்டில், சிக்னல் ஒரு கோடுதான் வருது. அதே மாடல் இன்னொன்று வாங்கி ஏஐமெஷ்ஷில் (ஆசஸின் மெஷ் வசதி) சேர்த்தால் பிங் (தகவல் கேம் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், மில்லிசெகண்டில்) குறையுமா?

இரண்டையும் எதால் இணைக்கப்போகிறீர்கள் என்று சொல்லவில்லையே தம்பி. விஷயமே அதில்தான் இருக்கிறது.

மெஷ்ஷில் சேர்ந்த நிமிடமே இரண்டாவது ரவுட்டர் வெறும் நோடு, அதாவது முதல் ரவுட்டரின் கிளைப் பெட்டி, ஆகிவிடும். அதன் க்யூஓஎஸ் (எந்தத் தகவல் முதலில் போகும் என்று வரிசைப்படுத்துவது), கேம் முன்னுரிமை, போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் தூங்கப் போய்விடும். அந்த வேலைகளை இன்டர்நெட் லைன் நேராக வந்து சேரும் முதல் ரவுட்டர்தான் செய்யும். நோடு தருவது வைஃபையும் நாலு லேன் போர்ட்டும், அவ்வளவுதான். பெட்டியின் மேல் போட்டிருக்கும் ‘கேமிங்’ என்ற வார்த்தைக்குக் கொடுக்கும் காசு அங்கே வீண். ஏஐமெஷ்ஷோடு சேரும் சாதாரண ஆசஸ் மாடலே போதும்.

மிச்சமாகும் பணத்தில் கேபிள் வாங்குங்கள். நோடை வைஃபை வழியாகவே இணைத்தால், டூயல் பேண்ட் ரவுட்டரில் (2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஒன்று, 5-க்கு ஒன்று என இரண்டே ரேடியோ) ஒரே ரேடியோ ஹாலோடும் பேச வேண்டும், உங்கள் கம்ப்யூட்டரோடும் பேச வேண்டும். வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதைவிட மோசம், பிங் ஒரு நிலையில் நிற்காது. மூன்று ரேடியோ உள்ள டிரை பேண்ட் வாங்கினால் ஒரு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவை இணைப்புக்கென்றே ஒதுக்கலாம் என்பார்கள். சமவெளியில் செங்கல் வீட்டுக்கு அது சரி. இங்கே பழைய வீடுகளில் ஒன்றரை அடி கனத்தில் கருங்கல் சுவர். இரண்டு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இருந்தால் இரண்டும் அந்தச் சுவரில்தான் முட்டி நிற்கும்.

கேட்-6 கேபிள், முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியக் கேபிளையும் அதே விலைக்குத் தலையில் கட்டுவார்கள். கத்தியால் ஒரு இழையின் முனையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஹாலிலிருந்து உங்கள் ரூம் நோடுக்கு ஒரு கேபிள், நோடிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒன்று. அப்புறம் நோடால் கூடும் பிங் ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழேதான்.

கொடைக்கானல், நாயுடுபுரம்: சார், ஹோம்ஸ்டே நடத்துகிறேன். டிபி-லிங்க் டெகோ மெஷ் பெட்டி மூன்று இருக்கிறது. பையன் வேறு கம்பெனி கேமிங் ரவுட்டர் வாங்கி வந்துவிட்டான். இரண்டும் சேருமா?

ஒரே மெஷ்ஷாகச் சேராது மேடம், ஆனால் சேர்ந்து வேலை செய்யும். ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் வயரைக் கேமிங் ரவுட்டரில் கொடுங்கள். அதன் லேன் போர்ட்டிலிருந்து முதல் டெகோவுக்கு ஒரு வயர். டெகோ ஆப்பில், ரவுட்டர் வேலையை விட்டு வைஃபை மட்டும் தரும் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ முறைக்கு மாற்றிவிடுங்கள். மூன்று டெகோவும் இப்போது போலவே அறைகளுக்கு வைஃபை தரும். கேமிங் ரவுட்டரின் வைஃபைக்கு வேறு பெயர் வையுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள். பையன் வயரில் விளையாடட்டும்.

உங்கள் வீட்டில்தான் கேமிங் ரவுட்டருக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. விருந்தினர்கள் கோக்கர்ஸ் வாக்கில் எடுத்த நூறு படமும் சாயந்திரம் ரூமுக்கு வந்து வைஃபை கிடைத்ததும் கூகுள் போட்டோஸுக்கு ஏற ஆரம்பிக்கும். அப்லோடு வழி நிரம்பி, பையனின் கேம் பாக்கெட்டுகள் அந்த வரிசைக்குப் பின்னால் நிற்கும். லைன் 100 எம்பிபிஎஸ் என்று சொல்லி விற்றிருந்தாலும் பிங் எகிறுவது இதனால்தான். க்யூஓஎஸ்ஸில் டவுன்லோடு, அப்லோடு இரண்டையும் ஸ்பீடு டெஸ்டில் வரும் அளவில் 85, 90 சதவீதமாகக் கட்டிவையுங்கள். வரிசை நம் ரவுட்டரில் நின்றால் யாரை முன்னே விடுவது என்று நாம் சொல்லலாம். கம்பெனிக்காரன் பெட்டியில் நின்றால் அவன் இஷ்டம். ரவுட்டரில் இந்த வரிசையைச் சீராக்கும் எஸ்க்யூஎம், கேக் என்ற பெயர்கள் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

ஊட்டி: பிளேஸ்டேஷனில் நேட் டைப் 3 என்று வருகிறது. புது ரவுட்டர் வைத்த பிறகுதான் இப்படி.

நேட் என்பது ஒரே ஐபி முகவரியை வீட்டுக் கருவிகள் எல்லாம் பங்கிட ரவுட்டர் செய்யும் வேலை; டைப் 3 என்றால் மற்ற ஆட்டக்காரர்களோடு இணைவது கடினம். கேமிங் ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் வேன் ஐபி (இன்டர்நெட் பக்கத்து முகவரி) என்ன என்று பாருங்கள். 192.168 என்று ஆரம்பித்தால் ஃபைபர் பெட்டியும் ரவுட்டராக ஓடிக்கொண்டிருக்கிறது, அதுதான் டபுள் நேட். கம்பெனிக்குப் போன் செய்து பெட்டியை, ரவுட்டர் வேலை செய்யாமல் லைனை அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். லைனில் லாகின் செய்யும் பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டை வாங்கி உங்கள் ரவுட்டரில் போடுங்கள். கேமுக்கு வேண்டிய போர்ட்டைத் தானே திறக்கும் யுபிஎன்பி ஆனில் இருக்கட்டும்.

100.64 முதல் 100.127 வரையில் ஆரம்பித்தால் கதை வேறு. கம்பெனியே ஒரு பொது ஐபியைப் பலருக்குப் பங்கு போடுகிறது. எந்த ரவுட்டர் வாங்கினாலும் தீராது. தனி ஸ்டேட்டிக் ஐபி கேளுங்கள், மாதம் கொஞ்சம் கூடுதலாகும்.

குன்னூர் பக்கம் எஸ்டேட்: பங்களாவிலிருந்து அவுட்ஹவுஸுக்கு அறுபது மீட்டர். தேயிலைச் செடி நடுவே லேன் கேபிள் இழுத்து அங்கே நோடு வைக்கலாமா?

தூரம் பிரச்சினையே இல்லை, லேன் கேபிள் நூறு மீட்டர் வரை போகும். நான் வேண்டாம் என்பது இடிக்காக. சித்திரையில் மத்தியானத்துக்கு மேல் இடிக்கும், ஐப்பசியில் நேரங்காலமே கிடையாது. இரண்டு கட்டடத்துக்கும் எர்த் தனித்தனி. பக்கத்தில் ஒரு சில்வர் ஓக்கில் இடி விழுந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவில் பெரிய வோல்டேஜ் வித்தியாசம் வரும். செம்பு வயர் இரண்டையும் சேர்த்திருந்தால் அதன் வழியாகத்தான் ஓடும். இப்படிச் செத்த ரவுட்டர்கள் என் மேஜைக்கு வரும். வெளியே கீறல் இருக்காது. பிரித்தால் லேன் போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கறுப்புக் கட்டை பிளந்து, சுற்றிலும் போர்டில் கரி படிந்திருக்கும்.

கட்டடம் விட்டுக் கட்டடம் போனால் ஃபைபர்தான். இரண்டு முனையிலும் ஒளியை லேன் சிக்னலாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர், அதிலிருந்து குட்டியாக லேன் கேபிள். கண்ணாடியில் கரண்ட் ஓடாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டிராப் கேபிளோடு (கட்டடத்துக்கு வெளியே இழுக்கும் மெல்லிய ஃபைபர் கேபிள்) ஒட்டி ஒரு இரும்புக் கம்பி வரும். அதைச் சுவருக்கு வெளியிலேயே பிரித்துக் கட்டி வெட்டிவிட வேண்டும். உள்ளே கொண்டுவந்தால் ஃபைபர் போட்ட பலன் போச்சு. எட்டும் உயரத்தில் பைப்புக்குள் விடுங்கள். குரங்குகளுக்குத் தொங்கும் வயரைக் கண்டால் கை நிற்காது.

கூடலூர்: ஆனி, ஆடியில் கரண்ட் போய்ப் போய் வரும். சின்ன டிசி யுபிஎஸ் போதுமா? கரண்ட் வந்த பிறகும் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் லேட்டாக வருகிறதே, பழுதா?

அடாப்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். கடையில் கிடைக்கும் சின்ன யுபிஎஸ் பெரும்பாலும் 12 வோல்ட். பெரிய கேமிங் ரவுட்டர்கள் பல 19 வோல்ட் கேட்கும். அதற்குக் கம்ப்யூட்டர் யுபிஎஸ் அல்லது இன்வெர்ட்டர்தான். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், நோடு மூன்றுக்கும் பேக்கப் இருக்க வேண்டும். ஒன்று அணைந்தால் மற்றவை எரிந்தும் பயனில்லை.

5 கிகாஹெர்ட்ஸ் தாமதம் பழுதில்லை. 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடாரோடு பங்கிடப்பட்டவை. அவற்றில் ரேடார் இருக்கிறதா என்று ரவுட்டர் குறைந்தது ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்ட பிறகே ஒலிபரப்பும். 36 முதல் 48 வரை, அல்லது 149-க்கு மேல் ஒரு சேனலைக் கையால் வைத்துவிட்டால் காத்திருப்பு இல்லை.

கோத்தகிரி: நோடு சேர்க்கும்போது பாதியில் நின்றுவிடுகிறது.

இரண்டிலும் ஃபர்ம்வேர் அப்டேட் செய்து, புதியதை ரீசெட் செய்து, முதல் ரவுட்டருக்கு ஓரிரு மீட்டர் பக்கத்தில் வைத்துச் சேருங்கள். சேர்ந்த பிறகு இடம் மாற்றலாம்.

கொடைக்கானல்: சிங்கப்பூர் சர்வரில் பிங் 70. எந்த ரவுட்டர் வாங்கினால் 20 ஆகும்?

எதுவும் ஆகாது. ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னை, சிங்கப்பூர் இடையே நேர்க்கோட்டிலேயே சுமார் 2,900 கிலோமீட்டர். போய் வர 29 மில்லிசெகண்ட் அங்கேயே செலவு. வலோரன்ட்டுக்கு மும்பையிலும் கவுன்டர் ஸ்ட்ரைக்குக்கு சென்னை, மும்பையிலும் சர்வர் இருக்கிறது, அங்கே ஆடுங்கள். வாங்கும் முன் வயரில் கம்ப்யூட்டரை இணைத்து ரவுட்டரின் சொந்த ஐபிக்கு பிங் அடித்துப் பாருங்கள். ஒன்றோ அதற்குக் கீழோ வந்தால் உங்கள் வீட்டின் மேல் குற்றமில்லை, லைன்காரரைக் கேளுங்கள்.

ஊட்டி: நோடை மச்சில் வைத்தேன், மேலே தகர ஷீட். வீட்டுக்குள் சிக்னல் நன்றாக இருக்கிறது, தோட்டத்தில் ஒன்றுமில்லை.

தகரம் சிக்னலை வெளியே விடாது, திருப்பி அடிக்கும். தோட்டத்துக்கு வேண்டுமென்றால் அந்தப் பக்கம் பார்த்த ஜன்னல் ஓரமாகக் கீழே இறக்குங்கள்.