ஊறல் தொட்டியில் தொடங்குங்கள்

கேள்வி: அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் அப்பா நடத்திய புழுங்கல் அரிசி ஆலையை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நெல் ஊறவைக்கும் தொட்டித் தண்ணீர் நாறுகிறது, காயப்போட்ட துணியில் உமிச் சாம்பல் விழுகிறது என்று தெருவில் தினமும் சண்டை. 'சோலார் போடு, சுற்றுச்சூழலுக்கு நல்லது' என்கிறான் நண்பன். கையில் இருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் காணும். எதில் போடட்டும்?
- ஒரு வாசகர்

பதில்: ஊறல் தொட்டியில் போடுங்கள், தம்பி. தெருக்காரர்கள் சொல்வது நியாயம். நெல்லைப் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டால் புளிக்கத்தான் செய்யும். அதைத் திறந்துவிட்டால் வாய்க்காலுக்குப் போகும், அப்புறம் தாமிரபரணிக்கு. ஆற்றங்கரையில் கீழே இருக்கிற ஊர்க்காரர்கள் அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறார்கள்? நினைத்தாலே எனக்கு மனசு பொறுக்காது.

இதற்கு வழி கண்டுபிடித்து வெகுகாலம் ஆகிறது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் கொண்டுவந்த சுடுநீர் ஊறல் முறைதான் அது. தண்ணீரை 85 டிகிரிக்குச் சுடவைத்துத் தொட்டியில் விட்டு நெல்லைக் கொட்டினால், இரண்டும் கலந்து 70 டிகிரி வாக்கில் நிற்கும். மூன்று, மூன்றரை மணி நேரத்தில் ஊறிவிடும். புளிக்க நேரமே கிடையாது. தொட்டிச் சூடு அந்த 70 டிகிரிக்கு மேல் போனால் நெல் வாய் பிளந்துவிடும். கைப்பதம் பார்க்காமல் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். முதலில் அம்பை 16 நெல்லில் ஒரு தொட்டி மட்டும் போட்டு, அரிசியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு மற்றதற்குப் போகலாம்.

சுடுநீருக்கு உமி கூடுதலாகச் செலவாகுமே என்பீர்கள். நெல் காயவைக்கும் உங்கள் ட்ரையர் நீராவியில் ஓடுகிறது என்றால், அதிலிருந்து வெளியேறி வீணாகும் வெந்நீரைக் குழாய் போட்டுத் தொட்டிக்குத் திருப்புங்கள். நீராவிக் குழாய்களுக்கு உறை சுற்றுங்கள். கை வைக்க முடியாத சூட்டில் வெறும் குழாய்கள் ஓடுவதை எத்தனையோ ஆலைகளில் பார்த்திருக்கிறேன். அவ்வளவும் எரித்த உமிதானே!

புளிக்காத தண்ணீரிலும் மாவும் சர்க்கரையும் கரைந்திருக்கும். வடிகட்டி, மூடிய தொட்டியில் நிறுத்திச் சுத்திகரித்த பிறகுதான் வெளியே விட வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கேட்டு, முறைப்படி செய்துவிடுங்கள்.

சாம்பலுக்கு வருவோம். 100 கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமி; அதை எரித்தால் 4 கிலோ சாம்பல். ஆறிய சாம்பலில் ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். கரிக்கோடு விழுந்தால் உமி அரைகுறையாகத்தான் எரிந்திருக்கிறது, அடுப்புக்குக் காற்று போதவில்லை. வெளுத்த சாம்பலாக இருந்தால் சரி. புகைபோக்கிக்கு முன்னால் ஒரு சைக்ளோன், அதாவது புகையைச் சுழலவிட்டுச் சாம்பலைப் பிரிக்கும் கலம், வைத்தால் பறக்கிற சாம்பலில் பெரும்பகுதி அங்கேயே விழுந்துவிடும். நனைத்து மூட்டை கட்டிவையுங்கள். செங்கல் சூளைகளில் கேட்டுப் பாருங்கள், எடுத்துக்கொள்வார்கள்.

சோலாரும் நல்லதுதான். பகலில் அரைவை ஓட்டுகிற ஆலைக்குப் பொருந்தவும் செய்யும். அடுத்த வருஷ வரவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். தொட்டி வேலையை மட்டும் பிசானப் பருவ நெல் அறுவடைக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். களத்தில் நெல் வந்து குவிந்த பிறகு ஆலையை நிறுத்த உங்களுக்கு மனசு வராது.