வாசகர் கேள்வி - பதில்: மினி டிராக்டரில் பிரேக் பிடிக்கவில்லை என்றால்

கேள்வி: முன்னால் மண் அள்ளும் லோடர் மாட்டிய சின்ன டிராக்டர் வைத்திருக்கிறேன், ஹைட்ரோஸ்டேட்டிக் வண்டி (ஆயில் அழுத்தத்தில் ஓடுவது). ஓட்டும் பெடலை விட்டாலே நின்றுவிடும் என்பதால் பிரேக்கைப் பற்றி யோசித்ததே இல்லை. போன வாரம் சரிவில் கைப்பிரேக் போட்டுவிட்டு இறங்கினால் வண்டி மெல்ல நகர ஆரம்பித்துவிட்டது. பிரேக் பெடலும் கடைசிவரை கீழே போகிறது. டிஸ்க் போய்விட்டது, மாற்று என்கிறார்கள். நானே மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். ஆனால் மாற்ற வேண்டுமா என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அதுவரை அந்த வண்டியைச் சரிவில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். வேறு வழியே இல்லாமல் நிறுத்தினால் பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, இறக்கத்துப் பக்கம் சக்கரத்துக்கு முட்டு கொடுத்துவிட்டுத்தான் சீட்டை விட்டு இறங்க வேண்டும். ஹைட்ரோஸ்டேட்டிக் வண்டியில் பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே சுற்றும் ஆயில்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது, அந்த ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால் அதை நம்பி வண்டியை விட்டுப் போக முடியாது. ஹை-லோ லிவர் (வேக ரேஞ்சை மாற்றுவது) நியூட்ரலுக்கு வந்துவிட்டால் அந்தப் பிடியும் சுத்தமாக இல்லை, வண்டி தானாக உருளும். இப்படி ஆயிலே நிறுத்திக் கொடுப்பதால்தான் இந்த வகை வண்டிகளில் பிரேக் தேய்ந்திருப்பது ஓட்டுபவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

சரி, பிரச்சினைக்கு வருவோம். பெடல் கீழே போகிறது என்றதும் எல்லோரும் உள்ளே இருக்கும் டிஸ்க்கைத்தான் சந்தேகப்படுகிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது வெளியே, பெடலிலிருந்து ஆக்சில்வரை போகும் ராடை. அதன் முனைகளில் இருக்கும் பின்களும் அவை உட்காரும் துளைகளும் தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டால், நீங்கள் மிதிக்கும் தூரத்தில் பாதி அங்கேயே காணாமல் போகும். பெடல் ஷாஃப்டில் துரு ஏறி இறுகியிருக்கலாம், ரிட்டர்ன் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் எட்ட உட்கார்ந்து ஒவ்வொரு மூட்டும் எவ்வளவு அசைகிறது என்று பார்த்தால் போதும் (இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், சக்கரங்களுக்கு முட்டு கொடுத்திருக்க வேண்டும்).

அப்புறம் பெடல் ஆட்டம். பல சின்ன டிராக்டர்களில் பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் பெடல் 20-30 மில்லிமீட்டர் சும்மா இறங்க வேண்டும், உங்கள் வண்டிக்கான சரியான அளவு மேனுவலில் இருக்கும். அதைவிட அதிகமாக இறங்கினால் ராடில் இருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, நீளத்தைக் குறைத்து, மறுபடி லாக் நட்டை இறுக்குங்கள். வலது, இடது தனித்தனிப் பெடல் என்றால் இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிடாதீர்கள்! அப்படிச் செய்தால் மிதிக்காதபோதும் பிரேக் உரசிக்கொண்டே இருக்கும், சூடேறி, நன்றாக இருந்த டிஸ்க்கும் கருகிவிடும். கைப்பிரேக்கை முழுதாக விடாமல் ஓட்டுவதும் இதே வேலையைத்தான் செய்யும், சின்ன டிராக்டர்களில் பிரேக் சீக்கிரம் போவதற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம் இதுதான். உங்கள் வண்டியிலும் அது நடந்திருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள், இல்லையென்றால் புது டிஸ்க்கும் இதே வழியில் போகும்.

மரை முடியும்வரை திருகியும் பெடல் கீழேதான் போகிறது என்றால், அப்போது பிரியுங்கள்.

இந்த அளவு வண்டிகளில் பெரும்பாலும் பிரேக் டிஸ்க் ஆயிலுக்குள்ளேயே சுழலும். டிஸ்க்குக்குப் பக்கத்தில் ஒரு தட்டு, அதில் சரிவான பள்ளங்கள், பள்ளங்களில் எஃகுக் குண்டுகள். பெடலை மிதித்தால் தட்டு லேசாகத் திரும்பும், குண்டுகள் சரிவில் ஏறும், தட்டு நகர்ந்து டிஸ்க்கை நெருக்கும். இதைத் தெரிந்துகொண்டு திறந்தால் எதைப் பார்க்க வேண்டும் என்பது தானாகப் புரியும்.

வண்டியைத் தூக்குவதில்தான் உயிர் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கெட்டியான சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் முட்டு கொடுங்கள். டிராக்டரின் முன் ஆக்சில் நடுவில் ஒரே பின்னில் ஊசலாடுவது, பின்பக்கத்தைத் தூக்கியதும் வண்டி பக்கவாட்டில் சாயும், அதனால் ஆக்சிலுக்கும் சட்டத்துக்கும் இடையே இரு பக்கமும் மர ஆப்பு அடித்துவிட வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு ஸ்டாண்டு. அடுக்கிய செங்கல் வேண்டவே வேண்டாம். லோடர் மாட்டியிருந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள், எடை முன்னால் இருக்கும்போது பின்னால் தூக்குவது எப்போதும் ஆபத்து.

பிறகு ஆயிலை வடியுங்கள். பாலாடை நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆயிலில் மின்னும் துகள் இருந்தால் பிரேக்கோடு வேலை முடியாது, பேரிங்கையும் கியரையும் பார்த்தாக வேண்டும். சக்கரத்தைக் கழற்றி, மாடலைப் பொறுத்து ஆக்சில் ஹவுசிங்கையோ பிரேக் மூடியையோ எடுக்க வேண்டும். ஹவுசிங் நல்ல கனம், ஆள் துணையோ செயின் பிளாக்கோ இல்லாமல் இழுக்காதீர்கள். நடுவில் மெல்லிய ஷிம் தகடுகள் இருந்தால் எந்தப் பக்கம் எத்தனை என்று எழுதி, அப்படியே திரும்பப் போடுங்கள், பேரிங்கின் இறுக்கமும் கியர்களின் இடைவெளியும் அவற்றை நம்பித்தான் இருக்கின்றன.

டிஸ்க்கில் ஆயில் ஓடும் பள்ளக் கோடுகள் மறைந்திருந்தால் அளக்கவே தேவையில்லை, அது முடிந்தது. கோடு தெரிந்தால் வெர்னியரில் தடிமனைப் பார்த்து மேனுவலில் உள்ள குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். எஃகுத் தட்டு நீலம் பாய்ந்திருக்கிறதா, நேர்ச்சட்டம் வைத்தால் வளைந்து தெரிகிறதா, குண்டுகளில் குழி விழுந்திருக்கிறதா, டிஸ்க் உட்காரும் ஸ்பிளைன் பற்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். குண்டும் அதன் பள்ளமும் கெட்டிருக்கும்போது டிஸ்க்கை மட்டும் மாற்றினால் பெடல் விட்ட பிறகும் பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

புது டிஸ்க்கைக் காய்ந்த நிலையில் போடக்கூடாது, வண்டிக்கு ஊற்றப்போகும் அதே ஆயிலில் நன்றாக ஊறவைத்துப் போடுங்கள். ஓ-ரிங், ஆயில் சீல், கேஸ்கெட் எல்லாம் புதிது. ஃபில்டரும் புதிது, ஏனென்றால் தேய்ந்த டிஸ்க்கின் தூள் முழுக்க அந்த ஆயிலில்தான் சுற்றிக்கொண்டிருந்தது, பெரும்பாலான வண்டிகளில் ஹைட்ராலிக்குக்கும் அதே ஆயில்தான். போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் மேனுவல் அளவுக்கு இறுக்கி, சிறிது நேரம் ஓட்டிய பிறகு சக்கர போல்ட்டுகளை மறுபடி பாருங்கள். பெடல் ஆட்டத்தையும் புதிதாக வைக்க வேண்டும், பழைய டிஸ்க்குக்கு இறுக்கிய ராடை அப்படியே விட்டால் புது டிஸ்க் முதல் நாளே உரசும்.

கேள்வி: ஒரு பக்கம்தான் தேய்ந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதாதா?

பதில்: போதாது. ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் பிடித்தால் வேகத்தில் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்துப் புரட்டிவிடும். திருப்பத்தில் எப்போதும் ஒரே பக்கப் பெடலை மிதிக்கும் பழக்கம்தான் பொதுவாக இதற்குக் காரணம். சாலைக்கு வரும்போது இரண்டு பெடலையும் சேர்த்துப் பூட்டும் கொக்கியை மறக்காமல் போடுங்கள்.

கேள்வி: ஆயில் மாற்றியதிலிருந்து பிரேக் மிதித்தால் உறுமுகிறது. டிஸ்க் தேய்ந்துவிட்டதா?

பதில்: ஆயில் மாற்றியதும் சத்தம் வந்தது என்றால் முதலில் ஆயிலைத்தான் கேட்க வேண்டும். ஆயிலில் ஓடும் பிரேக்குக்கு உராய்வைச் சீராக்கும் சேர்மானம் கலந்த டிராக்டர் டிரான்ஸ்மிஷன்-ஹைட்ராலிக் ஆயில் வேண்டும். சாதாரண கியர் ஆயில் ஊற்றினால் டிஸ்க் விட்டுவிட்டுப் பிடித்து அதிரும், அந்த அதிர்வுதான் உறுமல். மேனுவலில் சொன்ன தர ஆயிலை ஊற்றிப் பாருங்கள், அப்புறமும் சத்தம் இருந்தால் பிரிக்கலாம்.

கேள்வி: என்னுடையது பழைய டிரம் பிரேக் வண்டி. ஷூவில் ஆயில் ஊறிவிட்டது. பெட்ரோலில் கழுவிப் போடலாமா?

பதில்: வேண்டாம். லைனிங்குக்குள் இறங்கிய ஆயில் சூடேறும்போது மறுபடி மேலே வரும், பிரேக் வழுக்கும். ஆயில் எங்கிருந்து வந்தது என்று பார்த்து அந்த ஆக்சில் சீலை மாற்றிய பிறகு புது ஷூ போடுங்கள், இல்லையென்றால் புதியதும் நனையும். ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு, புற்றுநோய்வரை கொண்டுபோகும். காற்றுக் குழாய் வைத்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிவிடுங்கள்.

கேள்வி: பிரேக் புதிதாகப் போட்டும், பக்கெட்டில் மண் வைத்து இறக்கத்தில் வந்தால் பின் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகிறதே?

பதில்: பிரேக் சரியாகத்தான் வேலை செய்கிறது. அது பிடிப்பது பின் சக்கரங்களை மட்டும், எடையோ முன்னால் பக்கெட்டில் இருக்கிறது, லேசான பின் டயருக்குத் தரையில் பிடிமானம் இல்லை. இறக்கத்துக்கு வருமுன்பே நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், அப்போது பின் ஆக்சிலில் பிடிக்கும் பிரேக் ஷாஃப்ட் வழியாக முன் சக்கரங்களையும் பிடிக்கும். லோ ரேஞ்ச், பின்னால் எதிர் எடை, பக்கெட் தரையை ஒட்டி. இறக்கத்தின் நடுவில் கியரையோ ரேஞ்சையோ மாற்றாதீர்கள்.