சிவப்பு மைக் கோடுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு இப்போது பொறியியல் முதலாமாண்டில் இருக்கிறேன். தினமும் ஆறு மணி நேரம் படிக்கிறேன். ஒவ்வொரு பாடத்தையும் ஐந்தாறு முறை வாசித்துவிடுகிறேன். ஆனாலும் முதல் இன்டர்னலில் இரண்டு பேப்பர் போய்விட்டது. எனக்கு ஆங்கிலமும் வராது, ஞாபக சக்தியும் இல்லை. டைம்டேபிள் எப்படிப் போடுவது? காலை நான்கு மணிக்கு எழுந்து படித்தால் சரியாகுமா? அம்மா தினமும் இரவு போனில் "படிச்சியா?" என்று கேட்கிறார். "படிச்சேம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.

க.

அன்புள்ள க.,

நான்கு மணிக்கு எழுவது உங்கள் விருப்பம், தூக்கம் மட்டும் குறையக் கூடாது. டைம்டேபிளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது "ஐந்தாறு முறை வாசித்துவிடுகிறேன்" என்ற வரிதான். போன மாதம் வீட்டைச் சுத்தம் செய்தபோது என் கல்லூரிப் பொருளியல் புத்தகம் கையில் கிடைத்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் அடிக்கோடு. அன்றிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறேன்.

நானும் தமிழ் வழியில் வந்தவன்தான். லிப்கோ அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவேன். 'மார்ஜினல் யுட்டிலிட்டி' பாடத்தைப் பத்து முறையாவது வாசித்திருப்பேன். பள்ளியில் படித்த இறுதிநிலைப் பயன்பாடுதான் அது என்று புரியவே பல நாள் ஆயிற்று. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, இட்லிக் கடை வைத்திருந்த என் அத்தை மாவாட்டிக்கொண்டே, "அப்படி என்னதான்டா படிக்கிறே, சொல்லு" என்றாள். சொன்னேன். பசியோடு வருகிறவனுக்கு முதல் இட்லியில் கிடைக்கிற நிறைவு நாலாவதில் கிடைக்காது, அதுதான் விதி என்றேன். கொஞ்ச நேரம் குழவியைச் சுற்றவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "அப்போ காசு? அதுவும் சேரச் சேர சலிச்சுப் போயிருமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று இரவு புத்தகத்தைத் திறந்தேன். விதிவிலக்குகள் என்ற தலைப்பின் கீழ், பணத்துக்கு இந்த விதி பொருந்துமா என்று ஒரு முழுப் பத்தியே இருந்தது. அதன் அடியில் நான் போட்ட சிவப்புக் கோடும் இருந்தது. பத்து முறை என் கண் போய்வந்த இடம். அழுகை வந்துவிட்டது.

ஆகவே, ஞாபக சக்தி இல்லை என்று இனி எனக்கு எழுதாதீர்கள். கோபம் வருகிறது. படித்ததைத் திரும்ப எடுத்துத் தா என்று உங்கள் மனதிடம் நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. பரீட்சை ஹாலில்தான் முதன்முதலாகக் கேட்கிறீர்கள். அது எப்படித் தரும்? 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு பத்தியை மறுபடியும் வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் வாசித்ததைப் பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் மறுபடி வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு 42 சதவீதம்தான் நினைவிருந்தது, பார்க்காமல் எழுதியவர்களுக்கு 56 சதவீதம். அந்த ஐந்து நிமிடத் தெளிவுதான் உங்களை ஏமாற்றுகிறது. புத்தகம் விரித்திருக்கும்வரை எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும்.

இரண்டு பக்கம் படியுங்கள். மூடுங்கள். வெள்ளைத்தாளில் நினைவிருப்பதை எழுதுங்கள், தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்தாலும் சரி. அப்புறம் திறந்து, விட்டுப்போனதை மட்டும் பாருங்கள். மறுநாள் புத்தகத்தைத் தொடும் முன் இன்னொரு முறை எழுதுங்கள். முதல் நாள் நாலு வரிகூட வராது. வயிற்றைக் கலக்கும். அதற்குப் பயந்து மறுபடி வாசிக்கப் போய்விடாதீர்கள், அங்கேதான் எல்லோரும் தோற்கிறோம்.

ஆங்கிலம் வரும். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிர்க்காஃப் விதி அதில் தமிழில் இருக்கிறது. ஒரு சந்திக்கு வந்துசேரும் மின்னோட்டம் எவ்வளவோ, அவ்வளவுதான் அங்கிருந்து வெளியேறும். நீங்கள் ஏற்கெனவே படித்து மார்க் வாங்கியதுதானே?

இன்று இரவு அம்மா "படிச்சியா?" என்று கேட்டதும் போனை வைத்துவிடாதீர்கள். வாய்க்கால் பிரியும் இடத்தை வைத்து அந்த விதியை அவருக்குச் சொல்லுங்கள். அவர் திருப்பி என்ன கேட்டார் என்று எனக்கு எழுதுங்கள்.