கழுத்து இரத்தக்குழாயில் 65 சதவீத அடைப்பு, ஆனால் ஒரு தொந்தரவும் இல்லை. பக்கவாதம் வருமா?

உங்கள் கேள்வி இதுதான்: அப்பாவுக்கு 68 வயது. தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பிரஷரும் சீனியும் இருக்கிறது, சுருட்டுப் பழக்கமும் உண்டு. கழுத்து ஸ்கேனில் இடப்பக்க இரத்தக்குழாய் 65 சதவீதம் ஒடுங்கியிருக்கிறது என்று வந்திருக்கிறது. அவரோ நன்றாக நடமாடுகிறார். பக்கவாதம் வருமா, ஒபரேஷன் செய்யத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டொக்டர் இல்லை. ஹட்டன் பக்கம் ஓர் அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் தாதியாக வேலை செய்கிறேன். என் மாமனாருக்கும் இதே ஒடுக்கம் இருக்கிறது, அவருக்கு 70க்கு மேல். வேலையிலும் வீட்டிலும் இதைப் பார்க்கிறவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

65 சதவீதம் என்றால் பக்கவாதம் வர 65 சதவீத வாய்ப்பு என்று அர்த்தம் இல்லை. ரிப்போர்ட்டை அப்படி வாசித்துவிட்டு கிளினிக் வாசலிலேயே அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். குழாயின் உட்பக்கம் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்பதற்கான கணக்குதான் அது. அதையும் மெஷின் நேராக அளந்து சொல்வதில்லை. ஒடுங்கிய இடத்தைத் தாண்டும்போது இரத்தம் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்று பார்த்து அதிலிருந்து கணிக்கிறார்கள். சதவீதம் போடுகிற முறையும் ஒன்றுக்கு மேல் உண்டு. ஒரே ஒடுக்கம் ஒரு முறையில் 50 என்றும் இன்னொரு முறையில் 70ஐ ஒட்டியும் வரும். அதனால் வேறு ஆஸ்பத்திரியில் எடுத்த பழைய ஸ்கேனைப் பக்கத்தில் வைத்து, அஞ்சு கூடிவிட்டது என்று பதறாதீர்கள். முடிந்தால் ஒரே இடத்திலேயே ஸ்கேன் எடுங்கள், அப்போதுதான் உண்மையிலேயே கூடுகிறதா என்று தெரியும். உண்மையிலேயே வேகமாகக் கூடிக்கொண்டு போனால் அது கவனிக்க வேண்டிய விஷயம்.

குழாய் முழுதாக அடைபட்டு மூளைக்கு இரத்தம் போகாமல் நிற்பதால்தான் பக்கவாதம் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. கழுத்தின் இரண்டு பக்கமும் பெரிய குழாய்கள் ஏறுகின்றன, பிடரிப் பக்கமாக இன்னும் இரண்டு போகின்றன. இவை மூளையின் அடியில் ஒன்றோடொன்று சேர்வதால், ஒன்று ஒடுங்கினாலும் மற்றவை பெரும்பாலும் ஈடுகொடுக்கும். ஆபத்து அந்தக் கொழுப்புப் படிவு வெடிப்பதில் இருக்கிறது. அதன் மேல் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு கழன்று மேலே போய் மூளைக்குள் இருக்கும் சின்னக் குழாயை அடைத்துவிடும். நம் மலைகளில் மண்சரிவு எங்கே வரும் என்பதைச் சரிவின் செங்குத்து மட்டும் தீர்மானிப்பதில்லை, மண் எவ்வளவு ஊறி இளகியிருக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது. இந்தப் படிவும் அப்படித்தான். சுண்ணாம்பு ஏறி இறுகிய படிவு பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். கொழுப்பு நிறைந்து மென்மையாக இருப்பதும், உள்ளே இரத்தம் கசிந்திருப்பதும், மேல்பரப்பில் புண் விழுந்திருப்பதும்தான் பொல்லாதவை. ஸ்கேனில் மென்மையான படிவு கறுப்பாகத் தெரியும். ரிப்போர்ட்டில் படிவின் தன்மை பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம். டொக்டரிடம் அந்த வரியைக் காட்டி விளக்கம் கேளுங்கள்.

இது வெறும் ஊகம் இல்லை. 2010இல் பல நாடுகளைச் சேர்ந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. 50 முதல் 99 சதவீதம் வரை ஒடுக்கம் இருந்தும் அறிகுறி இல்லாத 1121 பேரைச் சராசரியாக 4 வருஷம் பின்தொடர்ந்தார்கள். அந்தக் காலத்தில் ஒடுங்கிய குழாய்ப் பக்கத்திலிருந்து பக்கவாதம் வந்தது 59 பேருக்கு. யாருக்கு வந்தது என்று பார்த்தபோது ஒடுக்கத்தின் அளவோடு வேறு பலதும் சேர்ந்து வந்தன. வயது, பிரஷரின் மேல் எண், இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) கூடியிருப்பது, பல வருஷம் புகைத்தது, மறுபக்கக் குழாயால் ஏற்கெனவே ஒரு தாக்கம் வந்திருப்பது, படிவு பெரிதாகவும் கறுப்பாகவும் இருப்பது ஆகியவைதான் அவை. இவற்றையெல்லாம் சேர்த்து, 70 சதவீதத்துக்குக் குறையாத ஒடுக்கம் உள்ள 923 பேருக்கு அடுத்த 5 வருஷத்துக்கான ஆபத்தைக் கணித்தார்கள். அதில் 495 பேருக்கு அது 5 சதவீதத்துக்கும் குறைவு. 84 பேருக்கு மட்டும் 20 சதவீதம் அல்லது அதற்கு மேல். எல்லோருமே 70ஐத் தொட்டவர்கள்தான், ஆனால் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இவ்வளவு வித்தியாசம். உங்கள் அப்பா எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு முன், அவருக்கு உண்மையிலேயே அறிகுறி இல்லையா என்று திரும்பக் கேளுங்கள். நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். நம் ஆட்கள் சின்னத் தொந்தரவை வெளியே சொல்ல மாட்டார்கள். ஒருநாள் காலையில் வலது கை பத்து நிமிஷம் சொன்னபடி கேட்காமல் போயிருக்கும், "குளிருக்கு வெறச்சுப் போச்சு" என்று விட்டுவிடுவார்கள். பேச்சு கொஞ்சம் குழறியிருக்கும், களைப்பு என்பார்கள். ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கின மாதிரி மங்கி, பிறகு தெளிந்திருக்கும். அதை வயசுக் கோளாறு என்று கண்ணாடிக் கடைக்குப் போவார்கள். உங்கள் அப்பாவுக்கு ஒடுக்கம் இடப்பக்கம். அப்படியென்றால் பார்க்க வேண்டியது வலது கை, வலது கால், முகத்தின் வலப்பக்கம், பேச்சு, அப்புறம் இடது கண். கடந்த 6 மாதத்துக்குள் இப்படி ஏதாவது சில நிமிஷமாவது வந்து போயிருந்தால் அவர் அறிகுறி இல்லாதவர் இல்லை. கணக்கு முழுதாக மாறிவிடும். அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அப்படியானவர்களுக்கு ஒபரேஷன் தேவைப்பட்டால் 2 வாரத்துக்குள் செய்வதே நல்லது என்று சொல்கிறார்கள். வெறும் தலைச்சுற்று மட்டும் என்றால் அது பொதுவாக இந்தக் குழாயால் வருவது இல்லை.

மூளை ஸ்கேன் ஏற்கெனவே எடுத்திருந்தால் அதையும் டொக்டரிடம் காட்டுங்கள். ஆளுக்கே தெரியாமல் வந்து போன சின்னப் பக்கவாதத்தின் தழும்பு அதில் இருந்தால் ஆபத்து கூடுதல் என்று எடுத்துக்கொள்வார்கள்.

சரி, ஒன்றுமே வரவில்லை என்று உறுதியானால், பாதி வேலை மாதாந்தக் கிளினிக்கிலேயே நடக்கும். பிரஷரைத்தான் முதலில் சொல்வேன். அது கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் மற்றவற்றின் பலன் குறைந்துவிடும். 130க்கு 80 சுற்றளவில் வைத்திருக்கப் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் மோசமாக ஒடுங்கியவர்களுக்கு எவ்வளவு குறைக்கலாம் என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். எங்கள் கிளினிக்கில் அடிக்கடி நடப்பது இதுதான்: மழை, பஸ் இல்லை, ஒருநாள் சம்பளம் போய்விடும் என்று ஒரு மாதம் வர மாட்டார்கள். குளிசை முடிந்துவிடும். உடம்பில் ஒன்றும் தெரியாததால் அடுத்த மாதமும் வர மாட்டார்கள். இதை அவர்களின் அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து இறங்கி வந்து வரிசையில் நின்று திரும்புவதற்கே ஒரு பகல் போய்விடும். ஆனால் குளிசை இடையில் நிற்கக் கூடாது. வர முடியாத மாதத்தில் கிளினிக் கொப்பியை வீட்டில் யாராவது கொண்டு வந்தால் மருந்து தர முடியுமா என்று உங்கள் ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சாப்பாட்டில் கருவாடும் ஊறுகாயும் குறைய வேண்டும். ரொட்டி மாவுக்குப் போடும் உப்பும் கணக்கில் சேரும், அதை யாரும் உப்பாகவே நினைப்பதில்லை.

சுருட்டை நிறுத்தத்தான் வேண்டும், குறைத்தால் போதாது. மாமா பீடியை விட்டது வீட்டில் எல்லோரும் சேர்ந்து நின்றதால்தான். வெற்றிலையில் வைக்கும் புகையிலையையும் விடச் சொல்லுங்கள், புகை வராவிட்டாலும் அதுவும் இரத்தக்குழாய்க்கு எதிரிதான்.

கொலஸ்ட்ரோல் குளிசை பற்றி ஒரு வார்த்தை. "கொலஸ்ட்ரோல் நோர்மல், பிறகு எதுக்கு இந்தக் குளிசை?" என்று நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். கழுத்துக் குழாயில் படிவு இருப்பவருக்கு அட்டோர்வாஸ்டடின் மாதிரியான மருந்தைக் கொடுப்பது எண்ணைக் குறைக்க மட்டும் இல்லை. படிவு இறுகவும் அதனுள் இருக்கும் கொழுப்பு குறையவும் அது உதவுகிறது. கெட்ட கொலஸ்ட்ரோலை 70க்குக் கீழே கொண்டுவருவதுதான் வழக்கமான இலக்கு. தசை வலி வந்தால் சொல்லுங்கள், அளவை மாற்றலாம் அல்லது வேறு மருந்து தரலாம். அஸ்பிரினும் சேர்த்து எழுதுவார்கள், ஆனால் வயிற்றுப் புண் இருந்தவர் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். கடையில் வாங்கித் தானாக ஆரம்பிக்கக் கூடாது. சீனிக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள இரத்தப் பரிசோதனைகளையும் தவறவிடாதீர்கள்.

கழுத்துக் குழாயில் படிவு இருந்தால் இதயத்துக்குப் போகும் குழாய்களிலும் இருக்க வாய்ப்பு அதிகம். இப்படியானவர்களின் உயிரைப் பக்கவாதத்தைவிட இதய நோய்தான் அதிகம் எடுக்கிறது. படியேறும்போது நெஞ்சு இறுகுகிறதா, மேட்டில் நடந்தால் கெண்டைக்கால் வலித்து நின்றால் சரியாகிறதா என்று கேளுங்கள். நாடித் துடிப்பு தாறுமாறாக இருந்தால் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், அப்படித் துடிப்பதும் பக்கவாதம் வர வேறொரு வழி. இன்னொன்று, சலூனில் கழுத்தைச் சடாரென்று திருப்பி நெட்டி எடுக்க விடாதீர்கள்.

குழாயைத் திறந்து படிவை எடுக்கும் ஒபரேஷனுக்கு வருகிறேன். 1995இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில், 60 சதவீதமும் அதற்கு மேலும் ஒடுங்கியவர்களுக்கு 5 வருஷத்தில் மருந்தோடு மட்டும் இருந்தால் 11 சதவீத பக்கவாத ஆபத்து, ஒபரேஷன் செய்தால் 5.1 சதவீதம் என்று வந்தது. அன்றைக்கு மருந்து என்றால் முக்கியமாக அஸ்பிரின்தான். இன்றைய மருந்துகளை ஒழுங்காகக் குடிப்பவர்களுக்கு ஆபத்து அதைவிடக் குறைவு, வருஷத்துக்கு 1 சதவீதத்தை ஒட்டித்தான். ஒபரேஷனுக்கும் தனி ஆபத்து உண்டு, அந்த நேரத்திலேயே பக்கவாதம் வரலாம். அந்த ஆபத்து 3 சதவீதத்துக்குள் இருக்கும் இடத்தில் செய்தால்தான் அறிகுறி இல்லாதவருக்கு அதில் பலன். அதனால் 65 சதவீதம் என்ற ஒரே காரணத்துக்காக நகையை அடகு வைத்துக் கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். படிவு மென்மையானது, வேகமாகக் கூடுகிறது, மூளையில் பழைய தழும்பு இருக்கிறது என்றால் இரத்தக்குழாய் சத்திரசிகிச்சை நிபுணரைப் பார்க்கக் கடிதம் கேளுங்கள். என் மாமாவுக்கு அப்படி எதுவும் இல்லை. மருந்தோடும் வருஷத்துக்கு ஒரு ஸ்கேனோடும் இருக்கிறார்.

வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் கழுத்து ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அவர்களுக்குப் பிரஷரும் சீனியும் பாருங்கள், அது இலவசம், பலனும் அதிகம்.

கடைசியாக, வீட்டில் எல்லோருக்கும், பிள்ளைகளுக்கும்கூட, இதைச் சொல்லி வையுங்கள். வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சு குழறினால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்பியுலன்ஸ் காசில்லாமல் வரும். எண்ணெய் தேய்த்துப் பார்க்கலாம், காலையில் போகலாம் என்று இருக்க வேண்டாம். தண்ணீரோ குளிசையோ வாயில் கொடுக்காதீர்கள், புரையேறிவிடும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், அதற்குள் சி.டி. ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். நம் பாதைகளில் பாதி நேரம் ரோட்டிலேயே போய்விடும். அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான்.