எச்.ஐ.வி மருந்தைத் தொடங்கினால் சாகும்வரை போட வேண்டுமா? உடம்பு தேறிய பிறகு நிறுத்தினால் என்ன?

ஓம், போடத்தான் வேண்டும். நான் டொக்டர் இல்லை. திருகோணமலையில் எங்கள் வீட்டோடு இருக்கும் தாய்மாமா எட்டு வருசமாக இந்தக் குளிசை போடுகிறார்.

நீங்கள் கேட்பதை அவர் செய்தே பார்த்தார். இரத்தத்தில் வைரஸ் பிடிபடவில்லை என்று ரிப்போட் வந்ததும் போத்தலை அலுமாரிக்குள் தள்ளிவிட்டார். எங்களிடம் மூச்சு விடவில்லை. களைப்பு ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். உப்புவெளி பஸ்ஸில் வரும்போது குளிசை கிலுங்கும் என்று போத்தலுக்குள் பஞ்சு அடைக்கிற மனிசன். அடுத்த கிளினிக்கில் பார்த்தால் வைரஸ் திரும்ப ஏறியிருந்தது. மருந்து வைரஸ் பெருகுவதைத்தான் தடுக்கும். சில வெள்ளணுக்களின் மரபணுவுக்குள் செருகிக்கொண்டு தூங்கும் வைரசை அது தொடாது. மருந்து நின்றால் பெரும்பாலும் சில கிழமைக்குள் எழும்பிவிடும்.

விட்டுவிட்டுப் போடுவதும் ஆபத்து. அரைகுறை மருந்தில் தப்பும் வைரஸ் பிறகு அந்த மருந்துக்கு மசியாது. 1987இல் வந்த முதல் எச்.ஐ.வி மருந்தான ஏ.இசட்.டி-யைத் தனியாகக் கொடுத்தபோதும் வைரஸ் இப்படித்தான் தப்பிக்கொண்டது. 1996 வாக்கில் மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் நிலைமை மாறியது. மாமாவின் ஒற்றைக் குளிசைக்குள்ளும் மூன்று: டெனோபோவிர், லமிவுடின், டொலுடெக்ராவிர்.

முந்தி டொலுடெக்ராவிருக்குப் பதில் எபாவிரென்ஸ். தலைச்சுற்று, கண்டபடி கனவு. கடல் வீட்டுக்குள் வருகுது என்று சாமத்தில் எழும்பி வாசல் கதவைத் திறந்து பார்ப்பார். சுனாமி கண்ட ஊரில் அந்தக் கனவை விளங்கப்படுத்தத் தேவையில்லை. குளிசை மாறிய பிறகு குறட்டைதான்.

இப்போதைய சண்டை வேறு. கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டு வயிற்றெரிவுக்கு ஏதாவது சப்புவார். அதிலுள்ள மக்னீசியமும் அலுமினியமும் டொலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். எச்.ஐ.வி குளிசையை இரண்டு மணித்தியாலம் முந்திப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மணித்தியாலம் பிந்தி.

மாமிக்குத் தொற்று இல்லை. மருந்து போடுகிறவரின் இரத்தத்தில் வைரஸ் மில்லிலீட்டருக்கு 200 பிரதிக்குக் கீழே தொடர்ந்து நின்றால் உடலுறவால் தொற்றாது.

காசுதான் யோசனை என்றால், இலங்கையில் அரசாங்கப் பாலியல் நோய்க் கிளினிக்கில் இது இலவசம். ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்கள் என்றால் நீங்களாகத் திரும்பத் தொடங்காமல், போய் உள்ளதைச் சொல்லுங்கள். மாமாவுக்குக் கிடைத்தது கொஞ்சம் ஏச்சு, அவ்வளவுதான்.